பிள்ளையை வெளியூர்க் கல்லூரிக்கு அனுப்பும் பெற்றோர்க்கு



ஆடித் திங்கள் நிறைமதி நாள் நமக்குத் திருநாள். பகவான் புத்தர் இசிபதனத்து மான்சோலையில் ஐவருக்கு முதல் அறவுரை அருளிய நாள் அது. அதற்கு மறுநாள் பிக்குகள் மழைக்காலத் தங்கலைத் தொடங்குவர். மூன்று திங்கள் ஓரிடத்திலேயே உறைவர். துறவிகள் ஓரிடத்தில் அமரும் இப்பருவத்தில்தான், நம் இல்லத்துப் பிள்ளைகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டைவிட்டுப் புறப்படுகின்றனர். கல்லூரிகள் திறக்கும் காலம் இது. ஆதலின் இன்று பெற்றோருக்கே சில சொற்கள் கூற விரும்புகின்றோம்.

சென்ற திங்கள் ஓர் அம்மையார் எம்மிடம் வந்தார். அவருடைய மகனுக்குக் கொல்கத்தாவில் புள்ளியியல் பயில இடம் கிடைத்திருக்கின்றது. அக்குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதிக்கப்போகும் முதற்பிள்ளை அவன். மகிழ்ந்திருக்க வேண்டிய தாய் கண்கலங்கி நின்றார். "ஐயா, யாதவ்பூரில் ஒரு பிள்ளை இறந்துபோனானே, அந்த ஊருக்கா என் பிள்ளையை அனுப்புவது? இங்கேயே ஒரு வேலையில் சேர்த்துவிட்டால் என்ன?" என்று கேட்டார். நாம் உடனே மறுமொழி கூறவில்லை. அவ்வச்சம் பொய்யச்சம் அன்று. அதற்கு ஆறுதல் மட்டும் கூறி அனுப்பிவிடுதல் அறமுமன்று.

நிகழ்ந்தது இது. 2023 ஆகஸ்ட் 9ஆம் நாள் இரவு, யாதவ்பூர்ப் பல்கலைக்கழக முதன்மை விடுதியின் மாடியிலிருந்து முதலாண்டு மாணவன் ஒருவன் வீழ்ந்தான். மறுநாட் காலை மருத்துவமனையில் உயிர் நீத்தான். அகவை பதினேழு. நதியா மாவட்டத்திலிருந்து வங்க இலக்கியம் பயில வந்தவன். வந்து சில நாட்களே ஆகியிருந்தன. தனக்கு அச்சமாயிருக்கின்றதென்று அன்று மாலை தொலைபேசியில் தாயிடம் கூறினானாம். அவன் ராகிங் என்னும் பகடிவதைக்கு உள்ளானான் எனப் பல்கலைக்கழகத்தின் விசாரணைக் குழுவே கண்டது. அப்போது பயின்றுகொண்டிருந்த மாணவரும், படிப்பு முடிந்த பின்னும் விடுதியை விட்டகலாத பழைய மாணவரும் கைது செய்யப்பட்டனர்.

இது வங்கத்திற்கு மட்டும் உரிய பழியன்று. 1996இல் நம் தமிழ்நாட்டிலேயே, சிதம்பரத்தில் மருத்துவம் பயின்ற நாவரசு என்னும் முதலாண்டு மாணவன் மூத்த மாணவன் ஒருவனால் கொலையுண்டான். அதன் பின்னரே 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் பிறந்தது. மேற்கு வங்கத்தில் 2000இல் அத்தகைய சட்டம் இயற்றப்பட்டது. 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுமைக்கும் விதிகள் வகுத்தது. அவ்விதிகளின்படி மாணவனும் பெற்றோரும் உறுதிமொழி எழுதித் தருதல் வேண்டும். முதலாண்டு மாணவரை இயன்றவரை தனிப் பகுதியில் தங்கவைத்தல் வேண்டும். விடுதிகளில் திடீர்ச் சோதனை நடத்துதல் வேண்டும். சட்டம் உண்டு, விதி உண்டு. எனினும் 2023இல் ஒரு பிள்ளை இறந்தான். ஆதலின் சட்டத்தின்மீது பாரத்தைப் போட்டுவிட்டு நாம் உறங்குதல் இயலாது. அச்சத்தால் பிள்ளையைக் கதவுக்குள் பூட்டுதலும் இயலாது. இவ்விரண்டிற்கும் இடையே பகவான் காட்டிய வழி யாது?

முதலில் பெற்றோரின் துயரத்தை நோக்குவோம். இராகுலனைத் துறவில் சேர்த்தபோது பாட்டனாராகிய சுத்தோதனர் பகவானிடம் சென்று முறையிட்டார். தம் மகன் பிரிந்தபோதும் துயருற்றார். நந்தன் பிரிந்தபோதும் துயருற்றார். பேரனும் பிரியவே அவரால் தாங்க முடியவில்லை. பிள்ளைமேற் கொண்ட அன்பு தோலைத் துளைத்து, ஊனைத் துளைத்து, எலும்பினுள் மூளைவரை சென்று தங்குகின்றதென்னும் பொருளில் அம்முதியவர் மொழிந்ததாக விநயம் உரைக்கின்றது. 'பற்று மிகுந்த கிழவர்' என்று பகவான் அவரை இகழ்ந்தாரல்லர். பெற்றோரின் இசைவின்றி எந்தப் பிள்ளையையும் துறவில் சேர்க்கலாகாது என்று அன்றே விதி செய்தார். ஆகவே, பெற்றோரே, உங்கள் கண்ணீரைக் கண்டு நாணவேண்டா. ஆயினும் அக்கண்ணீர் பிள்ளையின் காலைக் கட்டும் கயிறாகிவிடலாகாது. பற்றோ பிள்ளை தன் அருகில் இருத்தலை விரும்பும். மைத்திரியோ அவன் எங்கிருப்பினும் நலமாயிருத்தலை விரும்பும்.

சாதகக் கதைகளுள் எள்ளுப்பிடிக் கதை ஒன்று உண்டு. காசி மன்னன் பிரமதத்தனுக்கு ஒரு மகன். காசியிலேயே பேராசிரியர் இருந்தும், அக்காலத்து மன்னர் தம் மக்களைத் தொலைதூரத்துத் தட்சசீலத்திற்கு அனுப்புதல் வழக்கம். எதற்காக? அவர்தம் செருக்கு அடங்குதற்கு, வெயிலும் குளிரும் பொறுக்கப் பழகுதற்கு, உலகநடை அறிதற்கு. பதினாறு அகவை நிரம்பிய மகனுக்கு மன்னன் கொடுத்தனுப்பியவை மூன்றே: ஒற்றைத் தோற் செருப்பு ஓர் இணை, ஓலைக்குடை ஒன்று, ஆசிரியர்க்குரிய ஆயிரம் காசு. யானையும் இல்லை, ஏவலரும் இல்லை.

அங்கே அம்மகன் ஆற்றுக்குக் குளிக்கச் செல்லும்போது ஒரு கிழவி வெயிலில் உலர்த்தியிருந்த எள்ளில் ஒரு பிடி அள்ளித் தின்றான். மறுநாளும் தின்றான். மூன்றாம் நாள் கிழவி கைகளை உயர்த்திக் கூவி அழுதாள். எள்ளுக்கு விலை தருவதாக ஆசிரியர் கூறினார். "எனக்கு விலை வேண்டா, இனி இவன் இது செய்யாதிருக்கக் கற்பியுங்கள்" என்றாள் அவள். ஆசிரியர் அவனைத் தண்டித்தார். அச்சினத்தை நெஞ்சில் வைத்திருந்து, தான் அரசனான பின் ஆசிரியரைக் கொல்லக் கருதி அவன் அழைத்தான். ஆசிரியர் அஞ்சாது வந்து, "அன்று எள்ளோடு தடுத்திராவிடில், நீ பண்டத்திற்கும் பழத்திற்கும் கைநீட்டி, இறுதியில் வீடு புகும் கள்வனாய் முடிந்திருப்பாய், இவ்வரசு உனக்கு எங்கிருந்து வந்திருக்கும்?" என்றார். அரசன் தெளிந்தான்.

பிரம்பால் அடித்தல் அக்காலத்து வழக்கம். அதனை நாம் போற்றவில்லை. ஆனால் இக்கதையை எடுத்துரைத்ததற்கு இரு காரணங்கள் உண்டு. ஒன்று, பிள்ளையை வெளியூர்க்கு அனுப்புதல் நம் மரபிற்குப் புதியதன்று என்பது. மற்றொன்று இன்னும் இன்றியமையாதது. விடுதியில் புதியவரை வதைக்கும் மூத்த மாணவர் கூறும் சாக்கு யாது? "செருக்கை அடக்குகின்றோம்; உலகம் கற்பிக்கின்றோம்" என்பதே. கேட்பதற்குத் தட்சசீலத்துச் சொல்போலவே தோன்றும். உண்மையில் முற்றிலும் வேறு. ஆசிரியர் திருத்தியது மாணவன் செய்த பிழையை; இவர்கள் வதைப்பதோ பிழையேதும் செய்யாதவனை. அவர் பகலில் பலரறியச் செய்தார்; இவர்கள் நள்ளிரவில் கதவடைத்துச் செய்கின்றனர். அவர் மாணவன் நன்மைக்குச் செய்தார். இவர்கள் தம் வேடிக்கைக்குச் செய்கின்றனர். இவ்வேற்றுமையைப் புறப்படும் முன்னரே பிள்ளைக்கு உணர்த்துங்கள். இல்லையெனில், 'இதுவும் கல்லூரி வழக்கம் போலும். பொறுத்தல் வேண்டும் போலும்' என்று அவன் மயங்குவான். பொறுமை பாரமிதைகளுள் ஒன்று. ஆயினும் கொடுமைக்கு உடன்படுதல் பொறுமையாகாது.

இனி, ஆயத்தம் எப்போது தொடங்கவேண்டும்? இரயிலேறும் வாரத்திலன்று. சங்கத்தின் ஒழுங்கை நோக்குங்கள். புதிதாக உபசம்பதை பெற்ற பிக்கு, ஆற்றலுடையவனாயினும் ஐந்தாண்டு ஆசிரியரைச் சார்ந்து வாழ்தல் வேண்டும். ஆசிரியர் அவனை மகனெனக் கருதுவார். அவன் அவரைத் தந்தையெனக் கருதுவான். பாத்திரம் கழுவுதல், ஆடை மடித்தல், நோயாளியைப் பேணுதல் ஆகிய யாவும் கற்பான். அதன் பின்னரே தனித்துறையும் உரிமை. ஆண்டு நிரம்பினும் தகுதி நிரம்பாவிடில் அவ்வுரிமை இல்லை. நம் பிள்ளைக்கோ, தகுதி நிரம்பியதா என்று நோக்காமல், மதிப்பெண் நிரம்பியதும் உரிமை அளிக்கின்றோம். "படிக்கிற பிள்ளை, தட்டைக்கூட எடுக்கவேண்டா" என்று வளர்த்த மகன் விடுதியில் தன் சட்டையைத் துவைக்க அறியாது விழிக்கின்றான். இது அவன் பிழையன்று.

பதினைந்து அகவையிலேயே தொடங்குங்கள். சோறு வடிக்கவும், ஒரு குழம்பு வைக்கவும், துணி துவைக்கவும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒப்பக் கற்பியுங்கள். வங்கிக்குத் தனியே அனுப்புங்கள். இரயில் பயணச்சீட்டை அவனே எடுக்கட்டும். ஒரு திங்களுக்குரிய சிறு தொகையை அவன் கையில் கொடுத்துக் கணக்கெழுதச் சொல்லுங்கள். இருபதாம் நாளிலேயே தீர்ந்துவிட்டால் கடிந்து கொள்ளாதீர்கள், உடனே நிரப்பியும் விடாதீர்கள். சீவகன் தட்சசீலத்தில் ஏழாண்டு மருத்துவம் பயின்று திரும்பியபோது ஆசிரியர் வழிச்செலவுக்குச் சிறிதே கொடுத்தார். சாகேதத்தில் அது தீர்ந்தது. அங்கே ஒரு வணிகன் மனைவியின் ஏழாண்டுத் தலைநோயைத் தீர்த்துப் பொருளீட்டினான். கையில் பொருள் தீர்ந்த இடத்தில்தான் கற்ற கல்வியின் மதிப்பை அவன் கண்டான்.

கொல்கத்தா செல்லும் பிள்ளைக்கு வேறு சிலவும் கூறவேண்டும். சென்னையிலிருந்து அது ஒரு முழுநாளினும் மிகுந்த இரயில் பயணம். வங்காளத்தில் நாலு சொல்லேனும் கற்றுச் செல்லட்டும். கடுகெண்ணெய்ச் சமையல் முதல் வாரத்தில் ஒவ்வாது. இரண்டாம் திங்களில் பழகிவிடும். மழைக்காலத்தில் தெருக்களில் நீர் தேங்கும்; கொசுவால் டெங்குக் காய்ச்சல் பரவும்; கொசுவலை ஒன்று பெட்டியில் இருத்தல் நன்று. மார்கழிக் குளிருக்குக் கம்பளி வேண்டும். தமிழ் கேட்க ஏங்கினால், லேக் மார்க்கெட் பக்கம் நம்மவர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர்.

கைப்பழக்கம் இவ்வளவு. மனப்பழக்கத்திற்குப் பகவான் தம் மகனுக்கே கற்பித்த பாடம் ஒன்றுண்டு. அம்பலட்டிகையில் இராகுலனைக் காணச் சென்ற பகவான், கால் கழுவிய பாத்திரத்தில் எஞ்சிய சிறிது நீரைக் காட்டி, அறிந்தே பொய் கூற நாணாதவனுடைய தவம் இவ்வளவே என்றார்; அந்நீரைக் கொட்டிப் பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டினார். பின்னர், கண்ணாடி எதற்கு என வினவினார். பார்ப்பதற்கு என்றான் மகன். அவ்வாறே ஒரு செயலைச் செய்யுமுன்னும், செய்யும்போதும், செய்தபின்னும் அது தனக்கோ பிறர்க்கோ தீங்காகுமா என்று பார்த்துப் பார்த்துச் செய்க என்றார். தீங்கு செய்துவிட்டால் மறைக்காது பெரியோரிடம் கூறி, இனிச் செய்யாதிருக்க என்றும் மொழிந்தார். 'அப்பா வைவாரே' என்பது முந்நூறு காதத்திற்கு அப்பால் செல்லாது. இக்கண்ணாடியோ பெட்டியில் இடம்பிடியாமல் கூடவே செல்லும்.

இங்கே ஒரு கசப்பான சொல் கூறவேண்டும். யாதவ்பூரில் இறந்தவனுக்காக நாம் வருந்துகின்றோம். ஆனால் கைதானவரும் யாரோ ஒரு தாய் பெட்டி கட்டி அனுப்பிய பிள்ளைகளே. அவர்தம் குற்றத்தை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். நாம் கேட்பது வேறு: நம் பிள்ளை முதலாண்டில் அஞ்சுவானோ என்று கலங்கும் நாம், இரண்டாம் ஆண்டில் அவன் பிறரை அஞ்சவைப்பானோ என்று ஒருநாளேனும் கலங்கினோமா? தான் பட்டதைப் பிறர்க்குச் செய்தல் விடுதியில் வழக்கமென நிலைபெறுவது இங்ஙனமே. நம் பிள்ளை அச்சங்கிலியின் கடைசிக் கண்ணியாகட்டும். பஞ்சசீலத்தின் முதற்சீலம் ஆட்டையும் கோழியையும் மட்டும் குறித்ததன்று. அடுத்த அறையில் நடுங்கும் புதியவனையும் குறித்தது. தான் செய்யாதிருத்தல் மட்டும் போதாது. பிறர் செய்வதைக் கண்டு வாளாவிருத்தலும் ஆகாது எனக் கூறியனுப்புங்கள்.

நட்பைப் பற்றிச் சிகாலனுக்குப் பகவான் உரைத்ததை இல்லத்தில் ஒருமுறை கூடியிருந்து பேசுங்கள். எடுத்துக்கொள்ள மட்டும் வருபவன், வாயளவில் நண்பன், முகத்துக்கு முன் புகழ்பவன், குடிக்கும் சூதுக்கும் உடன் வருபவன் ஆகிய நால்வர் நண்பர் வேடமிட்ட பகைவர். உதவுபவன், இன்பதுன்பத்தில் ஒருநிலையில் நிற்பவன், நல்லது சொல்பவன், இரங்குபவன் ஆகிய நால்வர் மெய்ந்நண்பர். அவ்வுரையிலேயே பெற்றோர் கடமையும் ஐந்தாகக் கூறப்பட்டுள்ளது. தீமையினின்று தடுத்தல், நன்மையில் செலுத்தல், தொழிற்கல்வி அளித்தல், தக்க இடத்தில் மணம் முடித்தல், உரிய காலத்தில் உடைமையை ஒப்படைத்தல் என்பன அவை. ஒப்படைத்தலும் கடமையே என்பதை நோக்குக.

நம் பிள்ளைகளுக்கு இன்னுமோர் இடர் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. அயல்நாட்டில் பெரும்பட்டம் பெற்ற போதிசத்துவர் அம்பேத்கர், 1917இல் பரோடாவில் பணியேற்கச் சென்றபோது தங்க இடமின்றி அலைந்தார். ஒதுங்கியிருந்த விடுதியிலிருந்தும் பிறப்பின் காரணத்தால் வெளியேற்றப்பட்டார். இன்று அவ்வளவு வெளிப்படையாக இராது. ஆனால் மதிப்பெண் எவ்வளவு, இடம் எப்பட்டியலில் கிடைத்தது என்ற வினாக்களாய் வரும். முன்னரே கூறியனுப்பினால் பிள்ளை அதனைத் தன் குறையென எண்ணி மனமுடையான். உரிமையால் பெற்ற இடம் இரந்து பெற்றதன்று. பௌத்தராயினும் பட்டியலினத்தார்க்குரிய உரிமை உண்டென 1990இல் சட்டம் திருத்தப்பட்டது. சாதி வேற்றுமையைத் தடுக்க 2012இல் பல்கலைக்கழக மானியக் குழு தனி விதிகளும் வகுத்தது. இழிவுரை கேட்டால் நாள், இடம், சொன்னவர் யாவற்றையும் எழுதிவைத்து, எழுத்திலேயே முறையிடுதல் வேண்டும்.

இறுதியாக, 'அச்சமாயிருக்கின்றது' என்று பிள்ளை கூறும் அந்த ஒரு சொல்லைப் பற்றி. அவ்விளைஞன் தாயிடம் கூறினான். அப்பெற்றோர் மீது ஒரு குற்றமுமில்லை. தொலைவும் இரவும் அவர்களை வென்றன. அத்தொலைவைக் குறைக்கும் வழியை நாம் முன்னரே தேடவேண்டும். முதலாவது, அச்சத்தைக் கூறுதல் கோழைத்தனமன்று என்று வீட்டிலேயே பழக்குங்கள். "ஆம்பிளைப் பிள்ளை அழலாமா?" என்ற சொல்லை இன்றோடு விட்டொழியுங்கள். இரண்டாவது, 'வா' என்று பிள்ளை அழைத்தால் ஏன் எதற்கு என்று வினவாது செயற்படுவதாக இருவரும் உடன்பாடு செய்துகொள்ளுங்கள்; வினா பின்னர் இருக்கட்டும். மூன்றாவது, ஒரு மணி நேரத்தில் அவனிடம் சென்றடையக்கூடிய ஒருவரை அந்நகரிலேயே தேடி வையுங்கள். நாட்டளவிலான ராகிங் தடுப்புத் தொலைபேசி 1800-180-5522. மனத்துயருக்கு அரசின் டெலி மானஸ் 14416. இவற்றைக் கைப்பேசியில் மட்டுமன்றித் தாளிலும் எழுதிக் கொடுங்கள்.

கொல்கத்தாவில் நமக்கு உறவினர் இல்லையே என்பீர்கள். உண்டு. 1892இல் கிருபாசரண மகாதேரர் அங்கே பௌத்த தர்மாங்குர சபையை நிறுவினார். அவர் சிட்டகாங்கினின்று வந்த ஏழைத் துறவி. தாம் பெரிய கல்வி பெறாதவர். எனினும் தம் சமுதாயத்துப் பிள்ளைகள் கற்றல் வேண்டுமென்று உழைத்தார். அதே சிட்டகாங்கிலிருந்து கல்கத்தாவுக்குப் பயிலவந்த பேணிமாதவ பருவா, 1917இல் இலண்டன் பல்கலைக்கழகத்தில் இலக்கியப் பேரறிஞர் பட்டம் பெற்று, பின்னர் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பாலிப் பேராசிரியராய் விளங்கினார். அநகாரிக தருமபாலர் எழுப்பிய தர்மராஜிக விகாரை 1920 முதல் கல்லூரிச் சதுக்கத்தில் நிற்கின்றது. கல்வி நிலையங்கள் சூழ்ந்த இடம் அது. சரணம் புகுந்தவனுக்குச் சங்கம் உள்ள ஊர் அயலூராகாது. பிள்ளையைச் சேர்க்கச் செல்லும்போது, விடுதிக் காப்பாளரைக் காணும் அன்றே விகாரைக்கும் சென்று வணங்கி, அங்குள்ளோரிடம் பிள்ளையை அறிமுகம் செய்து வாருங்கள்.

பேசும் நாளைக் குறித்துக்கொண்டு வாரந்தோறும் பேசுங்கள். மணிக்கொரு முறை அழைத்து, "எங்கே இருக்கிறாய்?" என்று வினவுதல் அன்புமன்று, காவலுமன்று. அத்தகைய பிள்ளை பொய் கூறவே கற்கும். உண்மையான இடுக்கணிலும் உண்மை கூறாது.

அம்மையாருக்கு நாம் இவற்றையே கூறினோம். "அனுப்புங்கள், அம்மா. ஆனால் வெறுங்கையோடு அனுப்பாதீர்கள்" என்றோம். அவர் நெடுநேரம் வாளாவிருந்து, "ஐயா, அவனுக்கு ஒரு சட்டைகூடத் துவைக்கத் தெரியாது, எல்லாம் நானே செய்து கெடுத்துவிட்டேன்" என்றார். "இன்னும் ஒரு திங்கள் இருக்கின்றதே" என்றோம். சென்ற ஞாயிறன்று விகாரைக்கு மகனோடு வந்திருந்தார். அவன் அணிந்திருந்த சட்டையில் நீலம் திட்டுத்திட்டாய்ப் படிந்திருந்தது. தாய் அதனைக் கண்டும் காணாதவர்போல் இருந்தார். நாமும் அவ்வாறே இருந்தோம்.

இவ்வாண்டு வீட்டைவிட்டுச் செல்லும் பிள்ளைகள் யாவரும் அச்சமின்றிக் கற்க. அவர்களால் பிறர் எவரும் அஞ்சாதிருக்க. அனுப்பிவிட்டு வெற்று அறையை நோக்கியிருக்கும் பெற்றோர் மனம் அமைதியுறுக. இழந்த பெற்றோர்க்கு நம் மைத்திரி சென்று சேர்க.

சாது! சாது! சாது!